முகம் பார்க்கவா, வழி பார்க்கவா?

பழைய மோட்டார் வண்டியொன்றைப் புதுப்பிக்கப் புகுகிறவர்கள் முதலில் கவனிப்பது இயந்திரத்தை. அடுத்தபடியாக மேல் வர்ணத்தை. முன் விளக்குக்குள் குடியிருக்கும் கிண்ணத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் வெகு சிலரே. மெக்கானிக்குகள் அதை 'டூம்' என்பார்கள். அந்த அற்பக் கிண்ணத்தின் மகிமையை நான் உணர்ந்தது ஓர் அமாவாசை இரவில்.

தா.பழூரில் என் நண்பர் ஒருவரிடம் 1930-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஆஸ்டின் கார் ஒன்று இருக்கிறது. பாட்டனார் காலத்துச் சொத்து. அதன் விளக்குக் கிண்ணங்கள் பித்தளையால் ஆனவை. உட்புறம் வெள்ளி முலாம் பூசப்பட்டவை. வெள்ளி நாளடைவில் கறுத்தது. வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவது போலவே, ஆயுத பூஜைதோறும் வீட்டார் அதில் விபூதியை இட்டு அழுந்தத் தேய்த்து வந்தார்கள். முலாமின் கனமோ தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பங்குதான். வெள்ளி விடைபெற்றுக்கொண்டது, பித்தளை பல்லிளித்தது.

நண்பர் கிண்ணங்களை ஒரு பட்டறையில் கொடுத்துக் குரோமியம் முலாம் போட்டுக்கொண்டு வந்தார். "பார்த்தீர்களா வாத்தியார் ஸார், முகமே பார்க்கலாம்!" என்று பெருமையோடு காட்டினார். மெய்தான், முகம் பார்க்கலாம். வழி பார்க்க முடியவில்லை. ஜயங்கொண்டத்திலிருந்து இருவரும் இரவில் திரும்பி வருகையில், கரும்பு ஏற்றிய மாட்டு வண்டியொன்று திடீரென்று எதிரே தோன்றியது. நண்பர் பிரேக்கை அழுத்தினார். நாலைந்து கெஜ தூரத்தில் கார் நின்றது. வண்டியின் பின்புறம், கரும்புக் கட்டின் மேல், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவன் விழிக்கவேயில்லை. எங்களுக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

குற்றம் எங்கே? தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கை வெள்ளி திருப்பி அனுப்பும். அலுமினியம் 90 பங்கை நெருங்கும். குரோமியமோ 65 பங்கோடு நின்றுவிடும். எஞ்சியதை அதுவே விழுங்கிவிடும். அது துருப்பிடிக்காது, கறுக்காது. பம்பருக்கு மிகவும் தகுதியானது. ஆனால் விளக்குக்கு உதவாது. நம் கண்ணோ குறைந்த ஒளிக்கும் பழகிக்கொள்வதால், பகலில் இந்த பேதம் தெரிவதில்லை.

வெள்ளி முலாமுக்கு நாங்கள் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம். பாத்திரத்துக்கும் வெள்ளி வேலைக்கும் பெயர்போன அவ்வூரில் ஒரு முதிய தொழிலாளி முதலில் மரச்சுத்தியால் ஒடுக்கெடுத்தார். "வளைவு கெட்டால் எல்லாம் கெட்டது" என்றார். கணிதம் படித்த நான் தலை வணங்கினேன். பரவளைவின் குவியத்தில் பல்பின் இழை நின்றால்தான் கதிர்கள் இணையாகக் கிளம்பும். இழை சிறிது விலகினாலும் ஒளி சிதறிவிடும். பிறகு பழைய குரோமியத்தை நீக்கி, பித்தளையை மெருகிட்டு, செப்பு முலாமின் மேல் வெள்ளி ஏற்றினார். இதற்கான திராவகத்தில் சயனைடு என்னும் கொடிய விஷம் சேருகிறது. வீட்டில் செய்து பார்க்கத் தக்க வேலை அன்று.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். காற்றிலும் சாக்கடை வாயுவிலும் அது உண்டு; விளக்கின் ரப்பர் வளையத்தில்கூட உண்டு. ஆகவே தக்கை வளையம் பொருத்தினோம். துடைப்பதாயின் மெல்லிய பருத்தித் துணியால், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி, மென்மையாகத் துடைக்க வேண்டும். விபூதி நெற்றிக்கு மட்டுமே!

துருவேறிய கம்பி இணைப்புகளையும் சுத்தம் செய்தோம். ஆறு வோல்ட் வண்டியில் இது முக்கியம். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பல்பின் ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும்.

அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியச் செய்யும் முறையும் உண்டு. ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-ல் தொடங்கப்பெற்ற வைணு பாப்பு தூரதரிசினியின் 2.3 மீட்டர் ஆடிக்கும் அலுமினியப் பூச்சே. அமெரிக்கக் கார்களில் 1940 முதல் கண்ணாடியும் கிண்ணமும் ஒன்றாய் மூடிய விளக்குகள் வந்துவிட்டன. அவை பழுதானால் தூக்கியெறிய வேண்டியதுதான். எங்கள் பித்தளைக் கிண்ணத்துக்கோ எத்தனையோ மறுபிறவிகள் உண்டு.

வேலை முடிந்ததும் அதே சாலையில் சென்றோம். முன்பு மூன்றாவது புளியமரத்தோடு நின்றுவிட்ட வெளிச்சம், இப்போது நான்காவதையும் தாண்டிச் சென்றது. நண்பர் வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த வண்டிக்காரரைத் தேடிப்பிடித்து, அவர் வண்டியின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லைகள் இரண்டைத் தம் கையாலேயே ஆணியடித்துக் கொடுத்தார். சிறுவன் அருகில் நின்று, எதற்காக இவ்வளவு சிரத்தை என்று புரியாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.