60 வருஷத் தயக்கம்... சீட்டுக்குப் பின்னால் போன எஞ்சின்! கார்வெட் செய்தது சரியா?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வரும் பெயர் செவ்ரோலே கார்வெட். நீளமான பானெட், அதற்கடியில் உறுமும் வி8 எஞ்சின், ரொம்பப் பின்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டும் டிரைவர். பல தலைமுறைகளாக இதுதான் அதன் முகம்.

2019 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த முகத்தையே மாற்றியது. கலிபோர்னியாவில் அறிமுகமான 8-ம் தலைமுறை கார்வெட்டில் (சி8) எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பெராரி, லம்போர்கினி ஸ்டைலில்! பழைய ரசிகர்களில் ஒரு தரப்பு கொந்தளித்தது. இன்னொரு தரப்பு, இவ்வளவு லேட்டா என்று கேட்டது. யார் சொன்னது சரி? பார்க்கலாம் வாங்க.

நடு எஞ்சின் அப்படின்னா என்ன?

பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும். நடு எஞ்சின் காரில் அது டிரைவர் சீட்டுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையில் உட்காரும். போர்ஷே 911 காரில் எஞ்சின் பின் ஆக்சிலுக்கும் அப்பால் இருக்கும். அது வேறு ரகம்.

இதனால் என்ன லாபம்? முதல் லாபம், பிடிப்பு. கார் சீறிக் கிளம்பும்போது நம் முதுகு சீட்டில் அழுந்தும் இல்லையா? அதேபோல காரின் பளுவும் பின்சக்கரங்கள் மேல் சாயும். எஞ்சினே பக்கத்தில் இருந்தால் அந்த டயர்கள் சாலையை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சக்கரம் வீணாகச் சுழலாது.

இரண்டாவது லாபம், வளைவு. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டு சட்டுனு திருப்பிப் பாருங்க. சிரமமா இருக்கும். பளு வண்டியின் நடுவில் இருந்தால் திருப்புவது சுலபம். காருக்கும் அதே கதைதான்.

1959-ல் கூப்பர் அணியின் நடு எஞ்சின் கார் ஃபார்முலா 1 சாம்பியன் பட்டம் வென்றது. சில வருஷத்திலேயே முன் எஞ்சின் கார்கள் அந்தப் பந்தயத்திலிருந்து காணாமல் போயின. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்திலும் 1965-ல் அதே மாற்றம் வந்தது.

அப்போ கார்வெட் மட்டும் ஏன் காத்திருந்தது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஜோரா ஆர்கஸ்-டண்டோவ். பெல்ஜியத்தில் பிறந்த பொறியாளர். 1953-ல் நியூயார்க் கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்து மயங்கி, அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். கார்வெட்டின் தந்தை என்றே ரசிகர்கள் இவரை அழைக்கிறார்கள்.

எஞ்சினைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. 1960-ல் ஒரு சோதனைக் கார், 1964-ல் இன்னொன்று, 1970 நியூயார்க் ஷோவில் எக்ஸ்பி-882 என்று செய்து காட்டிக்கொண்டே இருந்தார். 1975-ல் ஓய்வு பெற்றார். 1996-ல் காலமானார். நடு எஞ்சின் கார்வெட் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

தடுத்தது தொழில்நுட்பம் அல்ல, கணக்குப் புத்தகம். புது அமைப்பு என்றால் புது சேஸி, புது கியர்பாக்ஸ், பெரிய முதலீடு. இருக்கிற காரோ நன்றாக விற்றது. 1979 மாடல் வருஷத்தில் மட்டும் 53,807 கார்வெட்கள் தயாராகின. நல்லா ஓடுற வண்டியை ஏன் பிரிக்கணும்? நிர்வாகத்தின் கேள்வி அதுதான்.

பிறகு ஏன் மனம் மாறியது?

முன் எஞ்சினை வைத்து செய்யக்கூடிய வித்தைகள் தீர்ந்துபோனதுதான் காரணம். 1997-ல் வந்த 5-ம் தலைமுறையிலேயே கியர்பாக்ஸைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். பளு கிட்டத்தட்ட முன்பாதி, பின்பாதி என்று பிரிந்தது. ஆனால் சக்தி ஏறிக்கொண்டே போனது. 7-ம் தலைமுறையின் உச்ச மாடலான இசட்ஆர்1-க்கு 755 ஹார்ஸ்பவர். அவ்வளவையும் இரண்டு பின்சக்கரங்கள் மட்டும் தரையில் இறக்க வேண்டும். சக்தி இருக்கு, பிடிப்பு இல்லை என்பதுதான் சிக்கல்.

சி8-ல் பளுவில் சுமார் 60 சதவீதம் பின்பக்கம் போனது. பலன்? முந்தைய தலைமுறையின் அடிப்படை மாடல், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (சுமார் 96 கி.மீ.) வேகத்தைத் தொட 3.7 விநாடி எடுத்தது. சி8 எடுத்தது 2.9 விநாடி. இரண்டுமே பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் பொருத்திய கார்கள். ஹார்ஸ்பவர் வித்தியாசம் வெறும் 35. புது கியர்பாக்ஸுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், பெரிய பங்கு பின்சக்கரங்களுக்குக் கிடைத்த பிடிப்புக்குத்தான்.

இழந்தது என்ன?

சும்மா கிடைத்துவிடவில்லை இந்த வேகம். பெரிய இழப்பு மேனுவல் கியர். சி8-ல் 8 ஸ்பீடு டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இடது காலால் கிளட்சை மிதித்து, கையால் கியர் போட்டு ஓட்டும் சுகத்துக்காகவே கார்வெட் வாங்கியவர்களுக்கு இது உண்மையான வலி. அதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, பின்பக்கப் பார்வை. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இருப்பதால் கண்ணாடி வழியாகத் தெரிவது குறைவு. கேமரா உதவி தேவைப்படுகிறது. வளைவின் நடுவில் பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் கனமான கார் சுழன்றுவிடும் அபாயமும் கூடுதல். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடுகள்தான் அதைச் சமாளிக்கின்றன.

சரி, அடையாளம் போச்சா?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். 1953-ல் வந்த முதல் கார்வெட்டில் வி8 எஞ்சினே கிடையாது. 6 சிலிண்டர்தான். மேனுவல் கியரும் கிடையாது, 2 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்தான். இன்று அடையாளம் என்று சொல்லப்படும் வி8, மேனுவல் கியர் இரண்டுமே 1955-ல் வந்து சேர்ந்தவை.

அப்போ மாறாமல் நின்றது எது? இரண்டு சீட், கொடுத்த காசுக்கு மேல் வேகம். இந்த இரண்டையும் சி8 கைவிடவில்லை. அறிமுக விலை 59,995 டாலர். பெராரி விலையில் ஒரு பகுதிதான். இரண்டு கோல்ஃப் பை வைக்கிற அளவுக்குப் பின்னால் டிக்கி, முன்னாலும் ஒரு சின்ன டிக்கி. எஞ்சின்கூட அதே பழைய பாணி 6.2 லிட்டர் வி8-தான். இடம்தான் மாறியது.

வாங்குபவர்கள் தீர்ப்பும் கிட்டத்தட்ட அதுவே. 2023 மாடல் வருஷத்தில் 53,785 கார்கள் தயாராகின. 1979 சாதனைக்கு வெறும் 22 தான் குறைவு.

அப்போ எல்லாரும் மாறணுமா?

இல்லை. ஃபோர்டு மஸ்டாங் கதையே வேறு. 1962-ல் மஸ்டாங் என்ற பெயரில் முதலில் காட்டப்பட்ட மாதிரிக் கார் இரண்டு சீட், நடு எஞ்சின் கார்தான்! ஆனால் 1964-ல் விற்பனைக்கு வந்தது முன் எஞ்சின், நான்கு சீட். இரண்டு வருஷத்துக்குள் 10 லட்சம் கார்கள் தயாராகின. பின் சீட்டும் குறைந்த விலையும்தான் மஸ்டாங்கின் பலம். எஞ்சினைப் பின்னால் வைத்தால் முதலில் பறிபோவது அந்த இரண்டும்தான்.

முன் எஞ்சினால் வேகமே முடியாது என்பதும் இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதை 20 கி.மீ.-க்கு மேல் நீளம். முன் எஞ்சின் மஸ்டாங் ஜிடிடி அதை 2024-ல் 7 நிமிடத்துக்குள் சுற்றியது. ஆனால் அதன் விலை 3 லட்சம் டாலருக்கு மேல். 2025-ல் அதைவிடக் குறைந்த நேரத்தில் சுற்றிய நடு எஞ்சின் கார்வெட் இசட்ஆர்1, 2 லட்சம் டாலருக்கும் கீழே தொடங்குகிறது.

ஆக, எஞ்சினை எங்கே வைப்பது என்பது ஃபேஷன் கேள்வி இல்லை. அந்த கார் வாங்குபவருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. குறைந்த காசில் அதிக வேகம் என்பது கார்வெட்டின் வாக்கு. அதைக் காப்பாற்ற எஞ்சின் இடம் மாறியே ஆக வேண்டியிருந்தது. மேனுவல் கியரை விட்டுக்கொடுத்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் எடுத்த முடிவு சரியானது. கேட்க டண்டோவ் இல்லை என்பதுதான் குறை.