பெரியவருக்குப் பிள்ளைப் பாடமா?

தமிழகத்தில் எழுத்தறிவிலே முதலிடம் பெற்ற மாவட்டம் எது என்று கேட்டால், குமரி மாவட்டத்துச் சிறுவன் மார்தட்டிச் சொல்வான், "எங்கள் மாவட்டம்!" என்று. 2011 மக்கள்தொகைக் கணக்கும் அதையே சொல்லிற்று. 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், தமிழ்நாடு முழுவதற்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர். குமரியிலோ ஏறத்தாழ 92 பேர்!

பெருமைதான், மறுக்கவில்லை. மீதி 8 பேர் எங்கே? அவர்களைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். எட்டு என்றால் சின்ன எண்ணாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது, தோழர்களே!

யார் அவர்கள்? விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளி. முந்திரி ஆலையிலே, ஊர் வழக்கில் சொன்னால் அண்டி ஆபீசிலே, கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் கறுத்த தாய். வள்ளம் ஏறிக் கடலோடு மல்லாடும் மீனவர். பனையேறி. சூளையில் கல் சுமப்பவர். வங்கியிலே பார்த்திருப்பீர்கள்: "தம்பி, கண்ணாடியை வீட்டிலே வைத்துவிட்டு வந்துவிட்டேன்; இதைக் கொஞ்சம் எழுதித் தா" என்பார். வீட்டிலே கண்ணாடி இராது!

ஏன் அந்தப் பொய்? வெட்கம்! ஊரெல்லாம் இருட்டென்றால், என் வீட்டிலே விளக்கில்லை என்று எவரும் கூசுவதில்லை. ஊரெல்லாம் விளக்கெரியும்போது இருண்டு கிடக்கும் ஒரு வீடு, கதவைச் சாத்திக்கொள்கிறது. படித்தவர் நிறைந்த மாவட்டத்திலே படிக்காதவரின் துன்பம் இரு மடங்கு. தெரியாதது ஒரு துன்பம். தெரியாததை மறைப்பது மற்றொரு துன்பம்.

அவர் குற்றவாளியா? இல்லை! பழைய திருவிதாங்கூர் ஆட்சியிலே, எளிய சாதியிற் பிறந்த பெண் தோளை மறைத்துச் சட்டை போடவே 1859-இல் அரசாணை வேண்டியிருந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே போன்றவர்கள் பள்ளி திறந்த பிறகுதான், வாசலில் நிறுத்தப்பட்டவர்களில் சிலர் உள்ளே நுழைந்தனர். சாதி திறந்துவிட்ட கதவை வறுமை சாத்திற்று. தம்பியைத் தூக்கி வளர்க்க அக்காள் வீட்டோடு நின்றாள். தகப்பனுக்குத் துணையாகப் பையன் வள்ளத்தில் ஏறினான். இவர்கள் பள்ளியை விட்டு ஓடியவர்களல்லர், ஓட்டப்பட்டவர்கள்.

இவர்களுக்குப் பாடம் சொல்லப் பலமுறை முயன்றார்கள். 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-களிலே தமிழகத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகச் சென்றது. வென்ற இடங்களும் உண்டு, வகுப்பிலே ஆளில்லாமல் விளக்கு மட்டும் எரிந்த இடங்களும் உண்டு. வென்ற இடத்திலே என்ன நடந்தது?

புதுக்கோட்டையைப் பாருங்கள். அங்கே அறிவொளி, பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சைக்கிளுக்கும் 'அ'னா 'ஆ'வன்னாவுக்கும் என்ன உறவு என்று கேலி பேசியவர்கள் உண்டு. உறவு இருந்தது! கல்லுடைக்கப் போன பெண், தானே மிதித்துச் சந்தைக்குப் போனாள். எவர் தயவுக்கும் காத்திராமல் திரும்பினாள். "இதைக் கற்ற என்னால் அதையும் கற்க முடியும்" என்ற துணிவு பிறந்தது. எழுத்துக்கு முன்னே பிறக்க வேண்டியது அந்தத் துணிவு.

கடல் கடந்தும் இதே பாடந்தான். பிரேசில் நாட்டிலே பாவ்லோ பிரேயர் என்ற ஆசிரியர், 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேர வகுப்பு நடத்தினார். குழந்தைப் புத்தகத்தை அவர் எடுக்கவில்லை. தொழிலாளியின் வாயிலே புழங்கும் சொற்களை எடுத்தார். செங்கல் என்ற சொல்லைக் கொண்டு எழுத்தையும் சொன்னார், அந்தச் செங்கல்லால் எழும் வீடு யாருடையது என்ற கேள்வியையும் எழுப்பினார். 1964-இல் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர்கள் அவரைச் சிறையில் தள்ளினார்கள். எழுத்தறிந்த ஏழையைக் கண்டு யார் அஞ்சுவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் செய்ய வேண்டியதென்ன?

முதலாவது, மரியாதை. ஐம்பது வயதுக்காரரைச் சின்னப் பெஞ்சிலே உட்காரவைத்து, "எங்கே, சொல்லு!" என்று அதட்டினால் மறுநாள் வரமாட்டார். அண்ணாச்சி என்றும், அக்கா என்றும், பாட்டா என்றும் அழையுங்கள். நான்கு பேர் நடுவே வர வெட்கப்படுவாரானால், அவர் வீட்டுத் திண்ணையே பள்ளி.

இரண்டாவது, சொல். அணிலும் ஆடும் குழந்தைக்கு. இவருக்கு முதற் பாடம் இவர் பெயர். அடுத்தது வலை, வள்ளம், பால், எடை, கூலி. கணக்கோ, அவருக்குத் தெரியாததல்ல! ஏலத்திலே மீனெடுத்து விற்கும் பெண் மனத்திலே போடும் கணக்கு, நமக்குத் தாளில் போட்டாலும் வராது. அவருக்கு வேண்டியது குறியீடு மட்டுமே. கூலிச் சீட்டிலே எழுதிய எடையும், தான் நிறுத்துக் கொடுத்த எடையும் ஒன்றுதானா என்று அவர் பார்க்கத் தொடங்கும் நாள், பாடம் பலித்த நாள்.

மூன்றாவது, நேரம். விடியுமுன் எழுபவரை இரவு 9 மணிக்கு வகுப்புக்கு அழைப்பது படிப்பல்ல, தண்டனை. பால்வெட்டுவோருக்குப் பிற்பகல் ஏற்றது. விசைப்படகுத் தொழிலாளருக்கோ, ஆண்டுதோறும் மீன்பிடித் தடை விழும் 61 நாட்கள் இருக்கின்றன.

நான்காவது, கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்கும். அதை மந்தம் என்று எண்ணி அவரும் சோர்கிறார், நாமும் சோர்கிறோம். கண்ணைச் சோதித்து ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பாதிப் பாடம் முடிந்தது.

ஐந்தாவது, பொறுமை. மூன்று நாள் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், "வீட்டிலே எல்லாரும் சுகந்தானா?" என்று கேளுங்கள். கூலிக்கு நீண்ட வேலையோ, நோயுற்ற பிள்ளையோ, காரணம் தானே வெளிவரும்.

ஒழுகினசேரியிலே பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், பள்ளியில் அதிகம் பயின்றவரல்லர். ஆனால் கிந்தனார் கதையிலே படிப்பின் பெருமையைப் பாமரருக்கும் எட்டச் செய்தார்; 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது ஒலித்தது. கேட்டவர் சிரித்தார், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எவரும் குன்றவில்லை. கற்பிப்போர் கற்க வேண்டிய கலை அதுதான்!

அன்று நம் படிப்பகங்களிலும் சாயாக் கடைகளிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். கேட்ட காதுக்கு, பார்க்கும் ஆவல் வந்தது. தலைப்பை எழுத்துக்கூட்டிய தொழிலாளி பிறகு தலையங்கத்தையே படித்தார். தேர்வு இல்லை, திட்டு இல்லை. தனக்கு வேண்டிய செய்தி அதிலே இருந்தது, அவ்வளவே.

2022-இலிருந்து 2027 வரை, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கென அரசின் எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. அதற்குத் தன்னார்வலர்களே தூண்கள். கொடி கட்டவும் கூட்டம் சேர்க்கவும் தெரிந்த தொண்டனுக்கு, ஒருவரை எழுதவைக்கத் தெரியாதா? அந்த எட்டுப் பேரில் ஒருவர் உங்கள் தெருவிலே இருக்கிறார். கூட்டத்துக்கு அழைப்பதுபோல் அழைக்க வேண்டாம். தனியே பாருங்கள், தணிந்து பேசுங்கள். அவர் பெயரை ஒரு தாளில் எழுதி, அவர் கையிலே கொடுங்கள். அவர் அதைப் பார்த்து எழுதட்டும். மற்றவை பின்னே வரும்!