குளிர்காலமும் நம் காரும்

டெல்லிக்கு மாற்றலாகி வரும் நம் குடும்பங்கள் தீபாவளி முடிந்ததும் முதலில் செய்யும் காரியம் ரஜாய் வாங்குவது. பிறகு குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், குல்லாய், பெரியவர்களுக்குக் கம்பளிக் காலுறை. லீவு விட்டதும் காரை எடுத்துக்கொண்டு சிம்லாவுக்குப் பனி பார்க்கப் புறப்பட்டுவிடுவார்கள். காருக்கென்று வாங்கியது டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் மட்டும்தான்.

குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நானும் அப்படிப் போனவன்தான். திருச்சியில் டிப்ளமா முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, 38 ஆண்டுகள் டீசல் என்ஜின்களோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். என்ஜின் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் 2019 ஜனவரியில் எங்களைக் கர்னால் அருகே நடுரோட்டில் நிறுத்தியது.

நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேரன் ஆகியோர் சிம்லாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காலையில் ஸ்டார்ட் செய்தபோதே பெல்ட் கிறீச்சென்று கத்தியது. குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அம்பாலா தாண்டியதும் மூடுபனி. இரவு ஒன்பது மணி இருக்கும். பிப்லி அருகே டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா, இது என்ன லைட்டு? நிறுத்திப் பார்க்கலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை, ஓட்டுங்கோ. டெல்லி போய்ப் பாத்துக்கலாம்."

அந்த விளக்கு எரிந்தால் ஆல்டர்நேட்டர் மின்சாரம் தரவில்லை என்று அர்த்தம். அதன்பின் வண்டி ஓடுவது பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்துத்தான். மூடுபனியிலோ ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர், பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வரவில்லாமல் சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிற குடும்பம் எத்தனை நாள் ஓட்டும்? முக்கால் மணி நேரத்தில் விளக்குகள் மங்கின, என்ஜின் நின்றது.

மாப்பிள்ளை வண்டியை இடது ஓரமாக உருட்டி நிறுத்தினார். நான் இறங்கி பானட்டைத் திறந்து டார்ச்சோடு குனிந்துவிட்டேன். பெல்ட் தேய்ந்து வழுக்கியிருந்தது. என் மனைவிக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் பேரனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். "முதல்ல ரெண்டு பேரும் இங்க வாங்கோ! அதை அப்புறம் நோண்டலாம்!" என்று கத்தினாள். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் வந்த லாரி காரின் வலது பின் மூலையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பேரன் உட்கார்ந்திருந்த பக்கம்.

லாரி கிளீனர் ஓடிவந்து, "ஒரு லைட்டுகூட இல்லையே ஜீ" என்று அழாத குறையாகச் சொன்னான். நியாயம்தான். பேட்டரி செத்தால் எச்சரிக்கை விளக்கும் கூடவே சாகும். வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணமோ டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில், கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், ரயில்வேயில் இது பாலபாடம். வண்டி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பழுதாகி நின்றால் டிரைவர் என்ஜினைப் பார்ப்பார். கார்டு (2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு அவர் என்றும் கார்டுதான்) பின்பக்கமாக நடப்பார். பிராட்கேஜில் பொதுவாக 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைப்பார். பின்னால் வரும் என்ஜின் ஏறினால் அது வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். பாதுகாப்பு முதலில், ரிப்பேர் பிறகு. ஆயிரம் பேர் போகும் வண்டிக்குத் தெரிந்தது என் குடும்பம் போன வண்டிக்கு மறந்துவிட்டது.

ஆகவே, நின்றவுடன் எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போகட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடிக்கு 17 மீட்டர் கடக்கும். முக்கோணத்தைப் பத்தடி தள்ளி வைத்தால் என்ன பிரயோஜனம்? தடுப்புக்கு வெளியாகவே நூற்றைம்பது தப்படி பின்னால் நடந்து வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எங்கும் அவசரத்துக்கு 112.

இனி, நிற்காமல் இருக்க என்ன செய்வது என்று பார்ப்போம். பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள். ஒரு சின்ன மீட்டர் வாங்கி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி காலி. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் காட்ட வேண்டும். பூஜ்ய டிகிரியில் நல்ல பேட்டரியே சுமார் ஐந்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். டெல்லியில் முனகுகிற பேட்டரி மலையில் மூச்சு விடாது.

அடுத்தது ரேடியேட்டர். குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம்மூர் வழக்கம். மதுரையில் துருவோடு போகும். சிம்லாவுக்கு மேலே 2700 மீட்டர் உயரத்திலிருக்கும் நார்கண்டாவில் ஓர் இரவு நிறுத்தினால் கதை வேறு. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருத்து ரேடியேட்டரை, சமயத்தில் என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும் உறைந்த ரேடியேட்டரில் தண்ணீர் சுற்றாது. வெளியே பனி கொட்டும், உள்ளே என்ஜின் கொதிக்கும்! முள் சிவப்புக்கு ஏறுகிறது, ஹீட்டரிலோ குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். அது ஏறக்குறைய குக்கர் வெயிட் தாங்குகிற அழுத்தத்தில் இருக்கிறது, பிரஷர் அடங்காமல் குக்கரை யார் திறப்பார்கள்?

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தாராளமாக இருக்கட்டும் என்று முழுக்கக் கூலன்டையே ஊற்றினால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். கலந்தே விற்கும் டின்னும் உண்டு, லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

டீசல் காருக்கு இன்னொரு தொல்லை. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 வரை தாங்கும் டீசல் 2019 நவம்பரில் வந்தது. மண்ணெண்ணெய் கலக்கிற பழைய வைத்தியம் இன்றைய என்ஜினுக்கு ஆகாது.

உறைபனியில் ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கேபிள் இறுகிவிடும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். பனியில் மாட்டிக்கொண்டால் புகைக்குழாய் வாயை மூடிய பனியை விலக்காமல் என்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீயில் பனியில் சிக்கிய கார்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

எங்கள் காரில் இப்போது முக்கோணமும் டார்ச்சும் முன்சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. டிசம்பரில் மலைக்குப் போகிற அன்பர்கள் அதற்கு முந்தைய ஞாயிறு காலை சங்கத்துக்குக் காரைக் கொண்டுவந்தால் பெல்ட்டையும் பேட்டரியையும் பார்த்துச் சொல்கிறேன். ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போதும்.