சிறு வைத்தியசாலையும் தொலைவழி ஆலோசனையும்: மெலியோயிடோசிஸ் நோயை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். ஆயின், கட்டணமின்மை மட்டும் நோயாளரிடையே சமத்துவத்தை உறுதிசெய்துவிடுமா என்னும் வினா எழுகின்றது. கொழும்பு ஹெவ்லொக் டவுனில் வாழும் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் காணுமிடத்து, விசேட வைத்திய நிபுணரும் நுண்ணுயிரியல் ஆய்வுகூடமும் சில கிலோமீற்றர் தூரத்துள் உள்ளன. கிழக்கின் வயற்புறத்துக் கமக்காரர் முதலில் நாடுவது ஒரு பிரதேச வைத்தியசாலையை. அங்கு வைத்தியர் உளர். சில மருந்துகளும் உள. கிருமியை வளர்த்து இனங்காணும் வசதியோ பெரும்பாலும் இல்லை. இவ்விடைவெளியைத் தொலைவழி ஆலோசனை எவ்வளவுக்கு நிரப்பக்கூடும் என்பதையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

நுண்ணுயிர்க்கொல்லிகள் ஏனைய மருந்துகளினின்றும் ஒருவகையில் வேறானவை. ஒரு நோயாளிக்குத் தேவையின்றி வழங்கப்படும்போது அவை கிருமிகளின் எதிர்ப்பாற்றலை வளர்த்து, மற்றொரு நோயாளிக்குப் பயன்படாமற் போகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் தமது நோபல் உரையிலேயே இவ்வபாயத்தைச் சுட்டினார். 2019 இல் மட்டும் எதிர்ப்பாற்றல் பெற்ற பற்றீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே இம்மருந்துகளைப் பேணிப் பயன்படுத்தல் இன்றியமையாதது. ஆயின், பேணுதல் என்பது கொடாதிருத்தல் அன்று. மெலியோயிடோசிஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவினால் விளையும் இந்நோய் வயற்சேற்றில் உழைப்போரையும், சிறப்பாக அவருள் நீரிழிவு உடையோரையும் தாக்குகின்றது. நியூமோனியா, சீழ்க்கட்டி, குருதித்தொற்று எனப் பல வடிவங்களில் இது வெளிப்படும். காசநோயெனப் பிழையாகக் கொள்ளப்படுவதும் உண்டு. இலங்கையில் 1927 இலேயே பதிவுசெய்யப்பட்ட இந்நோய், பின்னர் நெடுங்காலம் பெரிதும் அறியப்படாதிருந்தது. ஆய்வுகூடத்தில் வளரும் இக்கிருமி வேறொரு கிருமியாகவோ, வெளியிலிருந்து கலந்த மாசாகவோ கருதப்பட்டு ஒதுக்கப்படக்கூடியது. வழக்கமாக வழங்கப்படும் பெனிசிலினும் ஜென்ராமைசினும் இதற்குப் பயன்படா. செவ்ரசிடிம் அல்லது மெரொபெனெம் குறைந்தது பத்து நாள்கள் நாளத்தின் வழியே செலுத்தப்பட்டு, பின்னர் கோ-ட்ரைமொக்சசோல் மூன்று மாதங்களேனும் உட்கொள்ளப்படல் வேண்டும். இங்கு வலிய மருந்தை உரிய வேளையிற் கொடுப்பதே முறையான பயன்பாடாகும்.

2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீட நுண்ணுயிரியல் துறையில் இனோக்கா கொரியாவும் அவர்தம் சக ஆய்வாளரும் இந்நோயைத் தேடிக் கண்டறியும் பணியை மேற்கொண்டனர். பிற வைத்தியசாலைகள் அனுப்பிய ஐயத்துக்குரிய கிருமிகள் அங்கு இனங்காணப்பட்டன. சிகிச்சை பற்றிய ஆலோசனையும் வழங்கப்பட்டது. அரிதெனக் கருதப்பட்ட நோய் இந்நாட்டிற் பரவலாக நிலைகொண்டிருத்தல் இவ்வாறே தெளிவாயிற்று. தூரத்திலுள்ள அறிவு நோயாளியின் கட்டிலருகே சென்றடைய முடியும் என்பதை இம்முயற்சி காட்டுகின்றது.

வழிகாட்டி நூல்களை அனுப்பிவைத்தல் மட்டும் போதாதா எனச் சிலர் வினவலாம். இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி சுகாதார அமைச்சுடன் இணைந்து 2016 இல் அத்தகைய தேசிய வழிகாட்டியை வெளியிட்டமை பெரும்பணியே. எனினும், அமெரிக்காவில் 15 சிறு வைத்தியசாலைகளை மூன்று பிரிவுகளாக்கி நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஓர் ஆய்வு மனங்கொள்ளத்தக்கது. கல்வியும் அடிப்படை உதவியும் மட்டும் பெற்ற பிரிவில் நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எழுதப்படும் மருந்துகளைத் தொடர்ந்து மீளாய்வு செய்யும் ஏற்பாடும் விரிவாகக் கிடைத்த பிரிவில் மொத்தப் பயன்பாடு ஏறத்தாழ 11 சதவீதமும், பரந்த வீச்சுடைய மருந்துகளின் பயன்பாடு ஏறத்தாழ 24 சதவீதமும் குறைந்தன. ஆகவே, பயன்தருவது தாளிலுள்ள அறிவுரையினும் தொடர்ச்சியான உறவேயாகும்.

எமது நாட்டில் இவ்வுறவு நிலைபெறச் சில நிபந்தனைகள் உள. முதலாவது, மருந்து தொடங்குமுன் எடுக்கப்படும் குருதி மாதிரி ஆய்வுகூடத்தைக் காலந்தாழ்த்தாது அடைதல் வேண்டும். அஃதின்றேல் நிபுணரின் ஆலோசனையும் ஊகமாகவே அமையும். இரண்டாவது, ஆலோசனைக்கென நிபுணருக்கு நேரம் ஒதுக்கப்பட்டு, வழங்கப்பட்ட ஆலோசனை நோயாளியின் ஏட்டிற் பதியப்படல் வேண்டும். மூன்றாவது மொழி. வயலில் இறங்கினாரா, காலிற் புண் இருந்ததா, நீரிழிவு உண்டா என்பனவே நோயை உய்த்துணரும் திறவுகோல்கள். தமிழில் மட்டும் பேசும் கமக்காரரின் விடை, தமிழறியாத நிபுணரிடம் சிதையாது சேர்தல் வேண்டும். மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டியதன் காரணமும் அவருக்குத் தமிழில் விளக்கப்படல் வேண்டும். நான்காவது, மருந்து கையிருப்பில் இருத்தல். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு, சரியான ஆலோசனையும் மருந்தின்றிப் பயனற்றுப்போகும் என்பதை உணர்த்திற்று.

1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தோற்றத்துக்கு வழிகோலிய பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்து தேவையானவருக்கு நியாய விலையிற் கிட்டவேண்டும் என வாதிட்டார். அக்கொள்கையை இன்று ஒருபடி முன்னெடுத்தல் வேண்டும். மருந்தோடு, அதனை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்னும் அறிவும் பொதுச் சேவையின் பகுதியாகச் சிறு வைத்தியசாலைக்குக் கிட்டவேண்டும். தொலைபேசியும் திரையும் அதற்கான கருவிகள் மட்டுமே. அவற்றின் மறுமுனையில் பொறுப்பேற்கும் ஒருவரை அமர்த்துவது அரசின் கடமை. அதனைக் கோருவது மக்களின் உரிமை.