மாட்டை விற்றாச்சு... இனி தாத்தாவுக்கு யார் துணை?

"முழங்கால் வலியோட எதுக்கு மாடு? வித்துடுங்கப்பா!" என்று வெளியூர்ப் பிள்ளைகள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்கு மாடு தருவது பாலை மட்டுமல்ல. விடியும் முன் எழுவதற்கு ஒரு காரணம், பால் சொசைட்டி வரை ஒரு நடை, அங்கே நாலு பேரோடு பேச்சு. மாட்டை விற்றால் இவையும் சேர்ந்தே போய்விடும்.

அதற்காக 75 வயதில் கறவை மாடு கட்ட வேண்டும் என்பதில்லை. தென்கொரியாவில் முதியவர்களிடம் ஆளுக்கு 5 சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்க்கக் கொடுத்தார்கள். 8 வாரங்களில் அவர்களின் மனச்சோர்வு குறைந்தது என்கிறது 2016-ல் வெளியான ஆய்வு. சின்ன உயிரும் துணைதான். உடம்புக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

கோழி: இரண்டு, மூன்று நாட்டுக்கோழிகள் போதும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பேரப்பிள்ளைகளிடம் போனில் சொல்ல தினமும் ஒரு சேதி கிடைக்கும். தொட்ட பின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

ஆடு: சாதுவான ஒன்று போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஆடு திடீரென இழுத்தால் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம்.

நாய், பூனை: குட்டிகள் காலைச் சுற்றி ஓடித் தடுக்கிவிடும். வளர்ந்த, அமைதியான பிராணியே நல்லது. ரேபிஸ் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பறவைகள்: பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். திண்ணையோரம் ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு பிடி சோறும் வைத்தால் காகம், மைனா, அணில் தேடி வரும். பனிக்காலத்தில் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வரும். நடக்க முடியாத பாட்டியையும் ஒருநாள் வண்டியில் அழைத்துப் போய்க் காட்டலாம்.

பிராணிக்கு உடம்பு சரியில்லையா? கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. அப்பாவோ அம்மாவோ நாலு நாள் படுத்துவிட்டால் தீனியும் தண்ணீரும் யார் வைப்பார்கள்? பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பேசி, செலவுக்கும் வழி செய்துவிட்டு, அதன் பிறகு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.