ஜவுளிக்கடைக்காரர் வகுத்த பந்தயம்

விளையாடுவதற்குக் கூலி வாங்கலாமா? இக்கேள்வி ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கால்பந்து உலகையே இரு கட்சியாகப் பிரித்து வைத்தது. செல்வக் கனவான்களுக்கு ஆட்டம் பொழுதுபோக்கு. ஆலைத் தொழிலாளிக்கோ, ஆடப் போனால் அன்றைய கூலி போயிற்று! ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்ட பிரெஸ்டன் சங்கம், 1884-ல் கோப்பைப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. கிளர்ச்சி வலுக்கவே, மறு வருஷம் தலைமைச் சங்கம் இணங்கி, சம்பள ஆட்டத்தை அனுமதித்தது.

அனுமதி கிடைத்தது, பணத்துக்கு எங்கே போவது? சம்பளமோ வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். குறித்த ஆட்டங்களோ கடைசி நேரத்தில் நின்றுபோகும். ஜனங்கள் ஏமாந்து திரும்புவார்கள், வசூலும் போய்விடும்.

இதற்கு வழி கண்டவர் வில்லியம் மக்ரெகர். ஸ்காட்லாந்தில் பிறந்து, பர்மிங்ஹாமில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஆஸ்டன் வில்லா சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவர். ஆண்டுதோறும் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று, குறித்தபடி ஆட ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று 1888 மார்ச் 2-ந் தேதி சில சங்கங்களுக்கு எழுதினார். ஏப்ரலில் 'லீக்' பிறந்தது. லங்காஷயரிலிருந்து ஆறு, மத்திய இங்கிலாந்திலிருந்து ஆறு, ஆகப் பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்தன. செப்டம்பர் 8-ந் தேதி முதல் ஆட்டங்கள் நடந்தன.

முதற் பருவத்தில் வாகை சூடியது யார் தெரியுமா? விலக்கப்பட்ட அதே பிரெஸ்டன்தான்! 22 ஆட்டங்களில் 18 வெற்றி, நான்கு சமநிலை, தோல்வி என்பதே இல்லை. கோப்பையும் அவர்களுக்கே கிடைத்தது.

எல்லாரும் அப்படித் தழைக்கவில்லை. பன்னிருவரில் ஒன்றான ஆக்ரிங்டன் 1893-ல் விலகி, சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. ஆனால் லீக் நிலைத்தது. தொழிலாளியின் கூலியையும், காசு கொடுத்து வந்தவரின் நம்பிக்கையையும் ஒருங்கே காத்தது எது? நல்ல கடைக்காரருக்குரிய பழைய குணந்தான்: சொன்ன தேதி தவறாமை!