ஒரே மீனா, வேறு மீனா?
146 ஆண்டு வழக்கில் மரபணு சொன்ன சாட்சி

நாஞ்சில் நாட்டில் வரால் மீனைத் தெரியாதவர் இல்லை. குளம் வற்றினால் சேற்றில் புதைந்து கிடக்கும். தண்ணீரை விட்டு எடுத்தாலும் உடனே சாகாது. காற்றையே சுவாசிக்கும். நோயில் கிடந்து எழுந்தவருக்கு வரால் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த வரால் குடும்பத்தில் ஒரு பெரியண்ணன் உண்டு. மலையாளத்தில் அதைப் புலிவாக, கரிவாக என்பார்கள். குமரி மாவட்டத்துக்கு வடக்கே பம்பை, அச்சன்கோவில், மீனச்சில், பெரியாறு ஆகிய ஆறுகளில் வாழ்வது. 1956 நவம்பர் 1-ந்தேதி வரை குமரி மண்ணும் அந்த ஆறுகளும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவைதான்.

இதன் குஞ்சைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். செக்கச் சிவந்த உடம்பு. பக்கவாட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். வளர்ந்த பிறகோ ஆளே மாறிப்போகும்!

டாக்டர் டே வைத்த பெயர்

பிரான்சிஸ் டே என்பவர் சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த வெள்ளைக்காரர். மீன் ஆராய்ச்சியில் பெரும் பித்து உள்ளவர். கொச்சியில் கிடைத்த குஞ்சு மீனை வைத்து, 1865-ல் இது ஒரு புதிய இனம் என்று எழுதினார். இரட்டைக் கோடு என்று பொருள்படும் 'டிப்லோகிராம்மா' என்ற பெயரையும் சூட்டினார்.

பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஜாவாத் தீவில் இதே ஜாடையில் ஒரு மீன் இருந்தது. 1831-லேயே அதற்கு 'மைக்ரோபெல்டஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று தமது 'இந்திய மீன்கள்' நூலில் டே எழுதினார். தாம் வைத்த பெயரைத் தாமே அடித்துவிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் புத்தகங்களிலும் அப்படியே இருந்தது.

ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. கேரளத்துக்கும் தாய்லாந்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்! இடையில் எங்கும் இந்த மீன் இல்லை. நன்னீர் மீன் கடலை நீந்திக் கடக்குமா? அல்லது யாராவது கப்பலில் கொண்டுவந்து விட்டார்களா?

எழுத்துப் பிழையே கடிகாரம்

இங்கேதான் மரபணு சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட ஏடு இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள். அவையே மாறி மாறி வரும்.

ஒரு பழைய ஓலைச்சுவடியை இரண்டு குடும்பங்கள் தனித்தனியே படி எடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிழை விழும். ஒரு வீட்டுப் பிழை மற்ற வீட்டுச் சுவடியில் இராது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளை எண்ணினால், குடும்பங்கள் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். மீனுக்கும் இதே கணக்குத்தான்.

அல்லன் பென்சிகர், ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் ஹனீபாவும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ரேமா தேவியும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

2011-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டும் வேறு வேறு மீன்கள்! பிரிந்து ஏறத்தாழ 2 கோடியே 17 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது மனிதனே இல்லை. கப்பலுக்கு எங்கே போவது?

மரபணு என்ற ஒரே சாட்சியை நம்பி அவர்கள் தீர்ப்பு எழுதிவிடவில்லை. செதில்களை எண்ணினார்கள். வால் துடுப்பின் கதிர்களை எண்ணினார்கள். முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணினார்கள். அவையும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பொறுமைதான் மெச்சத்தக்கது.

பெயர் மாறினால் என்ன லாபம்?

லாபம் மீனுக்குத்தான். ஜாவா மீன் தென்கிழக்காசியாவில் ஏராளம். இதுவும் அதுவே என்றால், இங்கே அழிந்தாலும் அங்கே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடலாம். தனி இனம் என்றால் கதை வேறு. இந்தியத் தென்முனையை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. கண்ணாடித் தொட்டிக்காகச் சிவப்புக் குஞ்சுகளை அள்ளி விற்கிறார்கள். குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும் தாய் மீனும் தகப்பன் மீனும் எளிதில் பிடிபடுகின்றன. அழியும் அபாயமுள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் இந்த மீனும் இடம்பெற்றது.

மரபணு எப்போதும் பிரித்தே வைக்கும் என்று எண்ண வேண்டாம். சில சமயம் சேர்த்தும் வைக்கும். காவிரியின் கூன்முதுகுப் பெருங்கெண்டை தூண்டில்காரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதற்கென்று சரியான விஞ்ஞானப் பெயர் இல்லாமலே இருந்தது. காவிரியில் சேரும் பாம்பாற்றில் ஒரு கெண்டைக்கு ரேமா தேவியின் பெயரை வைத்திருந்தார்கள். மோயாற்றில் பிடித்த கூன்முதுகு மீனை அதனுடன் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 2018-ல் தெரிந்தது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள மீன் என்றும் அது அறிவிக்கப்பட்டது.

குமரி மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2010-ல் இந்த மாவட்டத்து நீரோடைகளில் ஒரு சின்னக் கெண்டையைப் புதிய இனம் என்று கண்டு எழுதியவர்களில் ரேமா தேவியும் ஒருவர். இலங்கை மீன் ஆராய்ச்சியாளர் ரோகன் பெத்தியகொடவைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு 'ரோகனி' என்று பெயரிட்டார்கள். 2012-ல் பெத்தியகொடவும் அவர் குழுவினரும் எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, தெற்காசியக் கெண்டைகளை வேறு வேறு பேரினங்களாகப் பிரித்தார்கள். அப்போது குமரி மீனும் 'டாகின்சியா' என்ற புதிய பேரினத்துக்குக் குடிபெயர்ந்தது. தம் பெயர் தாங்கிய மீனுக்கு அவரே புதுப் பேரினப் பெயர் கொடுத்தார்!